அப்பாவின் பெயரில் ஓடிய படங்கள்

இந்தப் படத்தில் வருகிற பேய்க்கு வேலை வெட்டி எதுவும் கிடையாது. அரை மணி நேரமாக மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. பனியன் போட்ட கிழட்டுப் பேய். அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் படியில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், ஒருத்தி அதன் தலைக்கு மேலேயே ஈரத்துணியை உதறுகிறாள், அது அசைவதாக இல்லை. பேய் என்றால் நாலு பேரையாவது தூக்கி அடிக்க வேண்டாமா? ஒரு கதவையாவது படீரென்று சாத்த வேண்டாமா? பின்னணியில் மட்டும் ஒருத்தன் வயலினைப் போட்டு அறுத்துக்கொண்டே இருக்கிறான், இதோ நடக்கப்போகிறது, இதோ நடக்கப்போகிறது என்று. ஒரு மண்ணும் நடக்கவில்லை. இதற்குப் போய்ப் பயந்து என் மகள் சுடர் நிறுத்தியிருக்கிறாள், பேய் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்க்கிற இடத்தில். எதுவரை பார்த்தாள் என்று காட்டுகிற சிவப்புக் கோடு அங்கேதான் நின்றிருந்தது. சின்ன வயதிலிருந்தே இருட்டு ஆகாது அவளுக்கு. விளக்கை அணைத்தால் தூக்கத்திலேயே தெரிந்துவிடும், "அப்பா, லைட்டு" என்று கத்துவாள், டூட்டி முடிந்து வந்து அப்போதுதான் காலை நீட்டியிருப்பேன், எழுந்து போய்ப் போடுவேன். பெயர் மட்டும் சுடர்விழி. நான் தேடித் தேடி வைத்த பெயர், வடமொழி எழுத்து ஒன்றுகூட ஒட்டாத பெயராக வேண்டும் என்று வைத்த பெயர். அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு போய் எர்ணாகுளத்தில் அனூப் என்கிற ஒருத்தன் வீட்டில் வைத்துவிட்டாள். ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம். "மாப்ள 'ழி'ய நல்லா அழுத்திச் சொல்றாருங்க" என்றாள் கமலவேணி. என் மனைவிக்கு மருமகனிடம் கண்ட தகுதி அது. நான் போகவில்லை. போகவில்லை, பேசவில்லை, இரண்டு வருஷமாகிறது, இனியும் பேசப்போவதில்லை. அப்போதுதான் மேஜை மேலிருந்த போன் கிணுங் என்றது.

வேறொரு வீட்டில் இருக்கிற டிவி உங்கள் கணக்கில் படம் பார்க்க முயல்கிறது, நீங்கள் சம்மதித்தால் மட்டும் இந்த எண்ணை அவர்களுக்குச் சொல்லுங்கள், எண் பதினைந்து நிமிஷம்வரை செல்லும். அதற்குக் கீழே நாலு இலக்கம். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். ஆகக் கடைசியில் இந்தப் படம் காட்டுகிற கம்பெனிக்காரனும் செக்கிங் ஆரம்பித்துவிட்டான். வேறொரு வீடு என்றால் வேறு எந்த வீடு? அவள் வீடுதான். இந்த நிமிஷம் அங்கே டிவி முன்னால் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், எண்ணைப் போடு என்று திரை கேட்கிறது, எண் என் கையில் இருக்கிறது. நன்றாக வேண்டும். டிக்கெட் இல்லாமல் எத்தனை காலம் போகலாம் என்று நினைத்தாள்? நான் யார் என்று அவளுக்குத் தெரியாதா? திருச்சி கரூர் ரோட்டில் என் தலையைப் பார்த்தால் நடத்துநர்களே விசிலை விழுங்குவார்கள். குளித்தலைக்குச் சீட்டு வாங்கிவிட்டு மாயனூர்வரை தூங்குகிற மாதிரி நடிக்கிறவனைத் தோளைத் தொடாமலே எழுப்புவேன். பஸ்ஸில் டிக்கெட் செக்கிங், முப்பது வருஷத்துக்கு மேல் அதே வேலை. எங்கே ஏறினாய், எங்கே இறங்குகிறாய், நடுவில் என்ன செய்தாய். வேறு கேள்வி நான் யாரிடமும் கேட்டதில்லை.

இந்த ஆப்பை இந்த டிவியில் போட்டுக் கொடுத்ததே அவள்தான், வீட்டில் இருந்த காலத்தில். திறந்ததும் யார் பார்க்கிறீர்கள் என்று கேட்கும், இரண்டு கட்டம், ஒன்றில் அப்பா, ஒன்றில் அம்மா. தனக்கென்று ஒன்று போட்டுக்கொள்ளவில்லை. போனவள் போய்விட்டாள், நானும் டிவியைச் செய்திக்கு மட்டும்தான் போடுவேன். ஒருநாள் கை தவறி இதைத் திறந்தபோது அப்பா என்கிற கட்டத்துக்குள் நான் பார்க்காத ஒரு படம், பாதி ஓடி நின்றிருந்தது, அடியில் சிவப்புக் கோடு. எவனோ திருடன் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தடவையும் அப்பா என்கிற பெயரை அமுக்கித்தான் உள்ளே வருகிறாள். அம்மா கட்டத்தை அமுக்கியிருக்கலாம். அமுக்கவில்லை. திமிர். செல்போன் கடைக்காரனிடம் பாஸ்வேர்டு எப்படி மாற்றுவது என்றுகூடக் கேட்டேன், அவன் ரொம்பச் சுலபம் சார் என்றான், அவ்வளவு சுலபமாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன். மாற்றவில்லை. என்னதான் பார்க்கிறாள் பார்ப்போம் என்று அவள் விட்ட இடத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். பார்த்து முடித்ததும் ரிமோட்டைப் பிடித்துப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்து, அவள் நிறுத்தின அதே காட்சியில், அதே ஆள் அதே வாயைத் திறந்தபடி நிற்கிற அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி அணைத்துவிடுவேன். நான் வந்துபோன தடமே இருக்காது. இதில் என்னைப் பிடிக்க இன்னொருத்தன் பிறந்து வர வேண்டும்.

பார்த்த படங்களைப் பற்றிக் கேட்டால் சொல்கிறேன், ஒன்றும் உருப்படி இல்லை. ஒரு கொரியாப் படம். ஊரில் வரிசையாகக் கொலை விழுகிறது, போலீஸ்காரன் நூடுல்ஸ் தின்கிறான். பிணத்துக்குப் பக்கத்தில் தின்கிறான், ஸ்டேஷனில் தின்கிறான், மழையில் நனைந்துகொண்டே தின்கிறான். கொலைகாரனைப் பிடித்தானா என்றால் இல்லை. கடைசியில் கேமராவை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடியும் தின்னப் போய்விட்டான். இதைத் தமிழில் பேசவிட்ட மகானுபாவன் அந்தப் போலீஸ்காரனுக்கு மதுரைப் பேச்சையும் கூட இருக்கிறவனுக்குத் திருநெல்வேலிப் பேச்சையும் கொடுத்திருக்கிறான், "என்னலே" என்று ஒருத்தன், "ஏய் வாங்கடா" என்று ஒருத்தன், ஒரே ஸ்டேஷனில் இரண்டு ஜில்லா. இருந்தாலும் தமிழ் தமிழ்தான். புரியாத பாஷையில் குரைக்கவிட்டுக் கீழே எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு நான் என்ன பரீட்சையா எழுதுகிறேன்? எந்தப் படமானாலும் முதல் வேலையாகத் தமிழுக்கு மாற்றிவிடுவேன். அப்புறம் ஒரு விண்வெளிப் படம். ஏழு பேர் ஒரு டப்பாவுக்குள் பல மாதம் போகிறார்கள், ஏழு பேரும் மாறி மாறிக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்து அழுகிறார்கள், ஏன் அழுகிறார்கள் என்று எழுதினவனுக்கே தெரிந்திருக்காது. அப்புறம் ஒரு சண்டைப் படம், நம் ஊர்ப் படம்தான். கதாநாயகன் ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறி உள்ளே இருக்கிற பதினைந்து பேரை அடித்து ஜன்னல் வழியாக வெளியே போடுகிறான். பதினைந்து பேரில் ஒருத்தன்கூடச் சீட்டு வாங்கவில்லை, இவனும் வாங்கவில்லை, நடத்துநர் என்று ஒரு ஜீவன் படம் முழுக்க இல்லவே இல்லை. அதை அவள் பத்து நிமிஷத்திலேயே நிறுத்திவிட்டாள். அந்த அளவுக்காவது வளர்ப்பு நன்றாக இருக்கிறது.

ஆனால் அந்தக் காதல் படத்தை முழுசாகப் பார்த்தாள். சிவப்புக் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. ஒரே மூச்சில் பார்த்திருக்க வேண்டும், காலையில் இல்லாத படம் சாயங்காலம் முழுக் கோட்டோடு கிடந்தது. நானும் முதலிலிருந்து பார்த்தேன். அதில் ஒரு அப்பன் வருகிறான். பட்டுச் சட்டை, கழுத்துக்கு மீறின சங்கிலி, வெள்ளி டம்ளரில் மோர். மகள் வேறு ஒருத்தனை நினைத்துவிட்டாள் என்றதும் டம்ளரைக் கையாலேயே நசுக்குகிறான். அரிவாளோடு ஜீப்பில் ஆட்களை அனுப்புகிறான். எந்த ஊரில் இருக்கிறான் இப்படி ஒரு அப்பன்? இருக்கிறான், பேப்பரில் வருகிறது, எனக்கும் தெரியும். ஆனால் என்னைப் போல ஒருத்தனை எவனாவது எடுத்தானா? நான் அரிவாள் எடுத்தேனா? ஆள் வைத்தேனா? வெள்ளி டம்ளர் இந்த வீட்டில் உண்டா? "உன் இஷ்டம், இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன், எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன், அது தினமும் போடுகிற தாழ்ப்பாள்தான். அந்த அப்பனையும் என்னையும் ஒரே தராசில் வைத்து அனூப்பும் இவளும் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்த்திருப்பார்கள், உங்க அப்பாவும் இப்படித்தானா என்று அவன் கேட்டிருப்பான், இவள் என்ன சொல்லியிருப்பாள்? அதுதான் தெரியவில்லை. சிவப்புக் கோட்டில் அது தெரியாது. படத்தில் அந்த அப்பன் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரப்பிள்ளையைத் தூக்குகிறான். அயோக்கியன். டம்ளரை நசுக்கினவன் கடைசிவரைக்கும் நசுக்க வேண்டாமா?

சமையலறையில் கமலவேணியின் போன் அடித்தது. அவளுக்கு மகளோடு தினமும் பேச்சு உண்டு, நான் காதில் வாங்காத மாதிரி இருப்பேன், அவளும் நான் காதில் வாங்காத மாதிரியே பேசுவாள். "சொல்லுடி... ம்... சாப்ட்டாச்சு... இருக்காரு, படம் பாக்குறாரு... என்ன நம்பரு?" பாத்திரச் சத்தம் நின்றது. நான் டிவியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டினேன். பேய் இன்னும் அங்கேயேதான் இருந்தது. கமலவேணி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"ஏங்க, உங்க போனுக்கு ஏதாவது நம்பரு வந்துச்சா?"

"என்ன நம்பரு?"

"ஏதோ நாலு நம்பராம். வந்திருக்கும்னு சொல்றா."

"எனக்கு ஒண்ணும் வரல."

அவள் என்னைப் பார்த்தாள், மேஜை மேலிருந்த போனைப் பார்த்தாள், டிவியில் பனியனோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். "வரலையாம்டி" என்று போனில் சொல்லிக்கொண்டே திரும்பிப் போனாள். வரலையாம்டி. அந்த 'யாம்'மில் எத்தனை அர்த்தம். சுமந்து பெற்றவள் அவளாம், நான் யாரோ போகிற வழியில் ஏறினவன். எண்ணைச் சொல்லியிருக்கலாம், நாலு இலக்கம், வாயைத் திறந்தால் முடிந்துபோகிற காரியம். சொன்னால் என்ன ஆகும்? இத்தனை நாள் என் கணக்கில் அவள் பார்ப்பது எனக்குத் தெரிந்தேதான் நடந்தது என்று ஆகும். தெரிந்தும் விட்டிருக்கிறான் என்று ஆகும். மனசு இளகிவிட்டது என்று அம்மாவும் மகளும் போனில் கிசுகிசுப்பார்கள், அடுத்த வாரம் அந்த அனூப் பலாப்பழத்தோடு வாசலில் வந்து நிற்பான். முடியாது. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அங்கே திரை இருட்டாகவே நிற்கும். இரண்டு நாள் பார்ப்பாள், அவனுடைய கார்டில் அவனுடைய பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்துக்கொள்வார்கள். அப்புறம் இந்த அப்பா கட்டத்துக்குள் புதிதாக ஒரு படமும் வராது. வெறும் பேய்ப்படம் ஒன்று பாதியில் நிற்கும், அவ்வளவுதான். அவள் சிரித்தாளா, பயந்தாளா, பாதியில் தூங்கிப்போனாளா, எதுவும் எனக்குத் தெரியாது. மலையாளப் படம் ஒன்றை ராத்திரிக்கு ராத்திரி துண்டு துண்டாகப் பார்த்தாளே, ஒருத்தன் பக்கத்து வீட்டுக்கு இரவல் ஏணி வாங்கப் போகிற படம், ஏணியை வாங்கி மழையில் தூக்கிக்கொண்டு வருகிறான், அதுதான் மொத்தக் கதை, ஒருத்தனும் சத்தம் போடுவதில்லை, அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாளே, அப்போது வேலை அதிகமா, உடம்புக்கு முடியவில்லையா, சண்டையா என்று எத்தனை நாள் யோசித்தேன். கமலவேணியிடம் கேட்க முடியுமா? அவள் பேச்சை இந்த வீட்டில் எடுக்காதே என்று சொன்னவனே நான்தானே. ஏணிப் படத்தை இரண்டு தடவை பார்த்தேன், என்ன குறை என்று கண்டுபிடிப்பதற்காக. குறை இருக்கிறது, இல்லாமல் இல்லை. அந்த ஏணியைத் திருப்பிக் கொடுத்தானா என்று காட்டவே இல்லை.

மறுபடியும் கிணுங். புது எண். பழையது செத்துப்போயிருக்க வேண்டும், அவள் திரும்ப அமுக்கியிருக்கிறாள். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இப்ப சத்தம் கேட்டுச்சே?"

"லோன் வேணுமான்னு கேக்குறான்."

"ஞாயித்துக்கெழமையா?"

"அவனுக்கு ஏது ஞாயித்துக்கெழம?"

"அந்தப் பனியனயாவது மாத்தக்கூடாதா? காலைலேர்ந்து அதுலயே உக்காந்திருக்கீங்க."

எதற்கும் எதற்கும் முடிச்சுப் போடுகிறாள். பனியனுக்கு என்ன வந்தது இப்போது? டிவியில் புதிதாகக் குடிவந்த அந்தப் பெண் படிக்குக் கீழே ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். பேய் அதை எடுத்துக் குடிக்குமா? குடிக்காது, இந்தப் படத்தில் எதுவும் நடக்காது, எனக்குத் தெரியும். எண்ணைப் பார்த்தேன். ஏழு, இரண்டு, இரண்டு, ஒன்பது. இதைச் சுருக்கி ஒரு வரியாகக் கமலவேணியிடம் வீசிவிடலாம், "இந்தா, ஏதோ வந்திருக்கு, என்னன்னு தெரியல." தெரியாத மாதிரி. முப்பது வருஷம் அடுத்தவன் நடிப்பைப் பார்த்தவனுக்கு நடிக்கவா தெரியாது? ஆனால் கேட்க வேண்டியவள் கேட்கட்டுமே. அம்மா மூலமாக என்ன? சீட்டு வேண்டும் என்றால் பயணி கேட்க வேண்டும், பக்கத்து சீட்டுக்காரன் கேட்கக் கூடாது. இரண்டு வருஷத்தில் ஒருமுறை என் நம்பருக்கு அடித்திருப்பாளா? மூஞ்சியில் முழிக்காதே என்றுதான் சொன்னேன், போனில் அடிக்காதே என்றா சொன்னேன்? படித்த பெண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டாமா?

போன் அடித்தது. பெயர் வரவில்லை, பெயரை நான்தான் அழித்தேன், எண் மட்டும் வந்தது, அந்த எண்ணுக்குப் பெயர் தேவையில்லை. சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. குழாயைக்கூட மூடிவிட்டாள். அடிக்கட்டும். அடித்து நிற்கட்டும். நின்றுவிட்டால்? ரிமோட்டில் எதை அமுக்கினேன் என்று தெரியவில்லை, படம் அப்படியே உறைந்தது, பேயின் கை டம்ளரை நோக்கிப் பாதி நீண்டிருந்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது, ஓடா தகரமா தெரியவில்லை, நல்ல மழை.

"அப்பா."

தொண்டையைச் செருமினேன்.

"நம்பர் வந்திருக்காப்பா?"

"எந்த நம்பரு? நான் படமெல்லாம் பாக்குறதில்ல."

சொன்ன பிறகுதான் தெரிந்தது. படம் என்று அவள் சொல்லவே இல்லை. அவள் சிரிக்கவில்லை, அதற்காக அவளைச் சும்மா விடலாம்.

"பாக்குறீங்கப்பா. முதல்லேர்ந்தே தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தமிழ்ல மாறியிருக்கும்பா. கொரியன் படத்த அப்டியே பாக்கலாம்னு போட்டா தமிழ்ல பேசும். நான் மாத்தி வப்பேன், மறுநாள் திரும்பத் தமிழ்ல இருக்கும். நிறுத்துன எடம் மட்டும் கரெக்டா இருக்கும்."

எனக்கு முகம் சுட்டது. நிறுத்தின இடம், அதே ஆள், அதே வாய். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பாஷையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், ஒரு நாள் இல்லை இரண்டு நாள் இல்லை, ஒவ்வொரு படத்திலும். என் மகளிடம் நான் கையும் களவுமாகப் பிடிபட்டு எத்தனையோ மாதம் ஆகியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அப்ப மாத்தி வச்சுக்க வேண்டியதுதான?" என்றேன். "உன்ன யாரு தமிழ்ல பாக்கச் சொன்னா?"

"மாத்துறத எப்பவோ விட்டுட்டோம்பா. தமிழ்லயே பாக்குறோம். அனூப்புக்கே இப்ப எல்லாம் புரியுது. ஆபீஸ்ல போய் 'என்னலே'ங்கிறாரு."

ஒரே ஸ்டேஷனில் இரண்டு ஜில்லா. அதில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டுமோ அதை விட்டுவிட்டு இதைக் கற்றுக்கொண்டிருக்கிறான். அங்கே மழை பெய்துகொண்டே இருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது, இந்த எண்ணும் செத்துப்போகும்.

"ஏழு" என்றேன். "ரெண்டு. ரெண்டு. ஒம்போது."

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அமுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "வந்திருச்சுப்பா" என்றாள்.

"சரி, வச்சிர்றேன்."

"அப்பா, அந்தப் பேய்ப் படம்... அது தலையத் தூக்கும்போதே நான் நிறுத்திட்டேன். அப்புறம் என்ன பண்ணும் அது? முடிவு பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்" என்றேன். பார்க்கவில்லை. என் எதிரே அது பாதி நீட்டின கையோடு நின்றுகொண்டிருந்தது. "அது ஒண்ணும் பண்ணாது. சும்மா வீட்டுக்குள்ள உக்காந்திருக்கும். தைரியமாப் பாரு."

"இங்க மழைப்பா, பகல்லயே ஒரே இருட்டா இருக்கு."

"லைட்டப் போட்டுக்கிட்டுப் பாரு."

போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒருத்தன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போவதும், ஸ்விட்சைத் தட்டுவதும் கேட்டது. பிறகு கொஞ்சம் தள்ளி ஒரு ஆண் குரல், "போட்டாச்சு" என்றது. அதில் ஏதாவது குறை சொல்ல முடியுமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை.